கர்ப்ப காலத்தில் உணவும் அன்றாட நலமும்: முழுமையான வழிகாட்டி

கர்ப்பிணிக்குச் சொல்லப்படும் உணவு அறிவுரையில் முக்கால்வாசி வயிற்றில் இருக்கும் பிள்ளையைப் பற்றியதாகவே இருக்கிறது. மூளை வளரும், எலும்பு உறுதிப்படும், எடை கூடும் என்கிறார்கள். சுமக்கிறவளுக்கோ காலையில் குமட்டல், மதியம் அசதி, ராத்திரி நெஞ்செரிச்சல், நடுவில் மூன்று நாளாக மலம் கழியாத அவஸ்தை. இவை எல்லாமே ஓரளவு சாப்பாட்டோடு கட்டுண்டவை. என்ன சாப்பிட்டோம் என்பதைப் போலவே எந்த நேரத்தில், எதோடு சேர்த்து என்பதும் இங்கே கணக்கில் வரும். சத்துப்பொடி டப்பா வாங்குவதற்கு முன் கடிகாரத்தைப் பார்ப்பது நல்லது.

படி 1: மூன்று நாள் குறிப்பு எழுதுங்கள்

ஒரு தாளில் நான்கு பத்தி போதும்: நேரம், சாப்பிட்டது, குடித்தது, உடம்பு எப்படி இருந்தது. மாத்திரை போட்ட நேரத்தையும் சேர்த்து எழுதுங்கள். வேலை நாள் இரண்டு, விடுமுறை நாள் ஒன்று எடுத்துக்கொண்டால் உண்மை நிலவரம் தெரியும்.

பிறகு அதில் ஐந்தைத் தேடுங்கள். பகலில் நான்கு மணி நேரத்துக்கு மேல் வெறும் வயிறாக இருந்த இடங்கள். இரும்புச்சத்து மாத்திரைக்கு ஒரு மணி நேரம் முன்னோ பின்னோ குடித்த தேநீர், காபி, பால். இரவுச் சாப்பாட்டுக்கும் படுப்பதற்கும் உள்ள இடைவெளி. காலை உணவில் புரதம் இருந்ததா. நாள் முழுக்கக் குடித்த நீர் எத்தனை கோப்பை. பெரும்பாலானவர்களின் தொந்தரவுக்குக் காரணம் இந்த ஐந்தில் ஒன்றிலோ இரண்டிலோ இருக்கும்.

கூடவே கர்ப்பத்துக்கு முந்தைய எடை, உயரம், கடைசியாகப் பார்த்த ஹீமோகுளோபின், ரத்த அழுத்தம் ஆகியவற்றையும் குறித்து வையுங்கள். அடுத்த படிகளில் இந்த எண்கள் தேவைப்படும்.

படி 2: எவ்வளவு கூடுதலாகச் சாப்பிட வேண்டும்

"இரண்டு உயிருக்குச் சாப்பிடு" என்பது அன்பில் சொல்லப்படுவது, அளவில் தப்பு. முதல் மூன்று மாதம் கூடுதல் உணவே தேவைப்படாது. நடு மூன்று மாதம் நாளுக்குச் சுமார் 340 கிலோகலோரியும், கடைசி மூன்று மாதம் சுமார் 450 கிலோகலோரியும் கூடுதலாக வேண்டும். ஒரு கோப்பை பால், ஒரு வாழைப்பழம், 15 கிராம் வேர்க்கடலை: இதுவே ஏறத்தாழ 340. இதோடு ஒரு வேகவைத்த முட்டையும் ஒரு சின்னப் பழமும் சேர்த்தால் 450-ஐத் தொட்டுவிடும். அவ்வளவுதான் அந்த "இரண்டாவது உயிரின்" பங்கு.

புரதத்துக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.1 கிராம் என்று கணக்கிடலாம். 55 கிலோ எடையுள்ளவருக்கு நாளுக்கு 60 கிராம். ஒரு முட்டையில் 6, ஒரு கோப்பை பாலில் 8, ஒரு கோப்பை வெந்த பருப்பில் சுமார் 18, 100 கிராம் மீனில் 20-க்கு மேல் கிடைக்கும். இதை ஒரே வேளையில் அடைக்காமல் மூன்று வேளைக்கும் பிரித்துக்கொண்டால் பசி சீராக அடங்கும், முற்பகல் சோர்வும் குறையும்.

எடைக்கு 2009-இல் அமெரிக்க மருத்துவக் கழகம் வெளியிட்ட அளவுகள் இன்றும் பரவலாகப் பயன்படுகின்றன. கர்ப்பத்துக்கு முன் உடல் நிறை குறியீடு (கிலோ கணக்கில் எடையை, மீட்டர் கணக்கில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்த எண்) 18.5-க்குக் கீழே இருந்தவர்கள் மொத்தம் 12.5 முதல் 18 கிலோ வரை கூடலாம். 18.5 முதல் 24.9 வரை உள்ளவர்களுக்கு 11.5 முதல் 16 கிலோ. 25 முதல் 29.9 வரை என்றால் 7 முதல் 11.5 கிலோ. 30-க்கு மேல் என்றால் 5 முதல் 9 கிலோ. முதல் மூன்று மாதத்தில் அரை கிலோ முதல் இரண்டு கிலோ வரைதான் ஏறும். மசக்கையில் ஓரிரு கிலோ இறங்குவதும் உண்டு.

பிரசவம் சுலபமாகட்டும், குழந்தை சின்னதாக இருக்கட்டும் என்று வேண்டுமென்றே சாப்பாட்டைக் குறைப்பது ஆபத்தான கணக்கு. 1944–45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் ஏற்பட்ட பஞ்சத்தின்போது கருவில் இருந்தவர்களைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்திருக்கிறார்கள். நடுவயதில் சர்க்கரையைக் கையாளும் திறன் அவர்களுக்குக் குறைந்திருந்தது. கர்ப்பத்தின் தொடக்க மாதங்களில் பஞ்சத்துக்கு ஆளானவர்களுக்கு இதயநோயும் கூடுதலாகவே காணப்பட்டது.

படி 3: மசக்கையைச் சமாளிப்பது

குமட்டல் பொதுவாக ஆறாவது வாரத்தில் தொடங்கி, ஒன்பதாவது வாரத்தையொட்டி உச்சத்துக்குப் போய், 16-ஆவது வாரத்துக்குள் பலருக்கு அடங்கிவிடும். இது மனப்பிரமை என்று சொல்லித் தட்டிக்கழிப்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். கருவிலிருந்து தாயின் ரத்தத்துக்கு வரும் ஜிடிஎஃப்-15 என்ற ஹார்மோனுக்கும் கடுமையான மசக்கைக்கும் உள்ள தொடர்பை 2023-இல் வெளியான ஆய்வு தெளிவாகக் காட்டிவிட்டது. கர்ப்பத்துக்கு முன் இந்த ஹார்மோன் குறைவாக இருந்தவர்களையே குமட்டல் அதிகம் தாக்குகிறது.

இந்தக் கட்டத்தில் சமச்சீர் உணவு பற்றிக் கவலைப்பட வேண்டாம். உள்ளே தங்குவதுதான் நல்ல உணவு.

படுக்கையைவிட்டு எழுவதற்கு 15 நிமிடம் முன் இரண்டு மூன்று உப்பு பிஸ்கட்டோ ஒரு துண்டு வறுத்த ரொட்டியோ மெல்லுங்கள். வெறும் வயிற்றில் அமிலம் தேங்கினால் குமட்டல் கூடும் என்பதால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கைப்பிடியளவு ஏதாவது உள்ளே போகட்டும். சூடான உணவின் ஆவியில்தான் வாசனை ஏறி வரும். ஆறவைத்தோ குளிர்ச்சியாகவோ சாப்பிட்டால் பலருக்குத் தாங்கும். நீரைச் சாப்பாட்டோடு குடிக்காமல் அரை மணி நேரம் தள்ளி, வாய் வாயாகக் குடியுங்கள். நீரே ஒமட்டினால் ஐஸ் துண்டு, எலுமிச்சைச் சாறு கலந்த குளிர்ந்த நீர், தர்பூசணி என்று மாற்றிப் பாருங்கள்.

இஞ்சிக்கு ஆய்வுகளின் ஆதரவு உண்டு. உலர்ந்த இஞ்சிப்பொடி நாளுக்கு மொத்தம் 1 கிராம், மூன்று நான்கு வேளையாகப் பிரித்து எடுக்கலாம். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடக்கூடாது. வைட்டமின் பி6, ஒரு வேளைக்கு 10 முதல் 25 மில்லிகிராம் வீதம் நாளுக்கு மூன்று நான்கு முறை மருத்துவர்கள் தருவதுண்டு. இரும்பு மாத்திரை இந்த வாரங்களில் குமட்டலைக் கிளப்பினால், அதைத் தள்ளிப்போடலாமா என்று கேளுங்கள். ஃபோலிக் அமிலத்தை மட்டும் விடாதீர்கள்.

வாந்தி எடுத்த கையோடு பல் துலக்குவது பலரும் செய்யும் தவறு. அமிலம் பட்டு இளகிய பல் எனாமலைத் தூரிகை தேய்த்தெடுத்துவிடும். ஒரு கோப்பை நீரில் ஒரு தேக்கரண்டி சமையல் சோடா கரைத்துக் கொப்பளித்து, அரை மணி நேரம் கழித்துத் துலக்குங்கள்.

படி 4: இரும்புச்சத்து

கர்ப்பிணியின் அன்றாட நலத்தை இவ்வளவு பாதிக்கிற சத்து வேறொன்று இல்லை என்று சொல்லலாம். ரத்தத்தின் மொத்த அளவு 45 சதவீதம் வரை கூடும். அதில் நீர்ப்பகுதி சிவப்பணுக்களைவிட வேகமாகப் பெருகுவதால் ஹீமோகுளோபின் இயல்பாகவே சற்று இறங்கும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 11 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை. நடு மூன்று மாதத்துக்கு மட்டும் 10.5 என்று எல்லை வைக்கிறார்கள். 7-க்குக் கீழே என்றால் கடுமையானது.

மாடி ஏறினால் மூச்சிரைப்பு, தலைசுற்றல், தூங்கி எழுந்தும் தீராத களைப்பு ஆகியவை எல்லோரும் அறிந்த அறிகுறிகள். அறியாதவை இரண்டு. இரவில் படுத்ததும் கால்களை அசைத்துக்கொண்டே இருக்கவேண்டும் போன்ற உந்துதல் ஒன்று. ஐஸ், பச்சரிசி, சுண்ணாம்பு, மண் ஆகியவற்றைத் தின்னத் தோன்றுவது மற்றொன்று. வெட்கப்பட்டு மறைக்காமல் இவற்றைச் சொன்னால் ரத்தப் பரிசோதனையில் விடை கிடைக்கும்.

ரத்தசோகை இல்லாதவர்களுக்கே தினமும் 30 முதல் 60 மில்லிகிராம் தனிம இரும்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. மாத்திரை அட்டையில் இருக்கும் எண் வேறு, அதற்குள் உண்மையில் இருக்கும் இரும்பான தனிம இரும்பு வேறு. 200 மில்லிகிராம் உலர் ஃபெரஸ் சல்ஃபேட்டில் சுமார் 65 மில்லிகிராம் இரும்பும், 300 மில்லிகிராம் ஃபெரஸ் குளுக்கோனேட்டில் சுமார் 35 மில்லிகிராமும் இருக்கும்.

மாத்திரை சாப்பிட்டும் அளவு ஏறவில்லை என்ற புகார் அடிக்கடி வரும். தேநீரிலும் காபியிலும் உள்ள பாலிஃபீனால்கள் தாவர உணவின் இரும்பு உறிஞ்சப்படுவதைப் பாதிக்கும் மேல் குறைத்துவிடக்கூடும். கால்சியமும் குறுக்கே நிற்கும். எலுமிச்சை, ஆரஞ்சு, கொய்யா போன்றவற்றின் வைட்டமின் சி உதவிசெய்யும். ஆகவே உணவு முடிந்து இரண்டு மணி நேரம் கழித்து, ஒரு புளிப்புப் பழத்தோடு மாத்திரையைப் போடுங்கள். வயிறு புரட்டினால் சிறிது உணவோடு போடலாம். உறிஞ்சுவது குறைந்தாலும் மாத்திரையை நிறுத்துவதைவிட அது மேல். கறுத்த மலம் இயல்பே, பயம் வேண்டாம்.

சரியாகச் சாப்பிட்டும் 2 முதல் 4 வாரத்தில் 1 கிராம்கூட ஏறவில்லை என்றால் பி12 குறைபாடு, குடற்புழு, தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் குறையின் மரபுக்கூறு ஆகியவற்றைத் தேட வேண்டும். உடலின் இரும்புக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் சோதனை பார்க்காமல் மாத்திரையின் அளவை மட்டும் கூட்டிக்கொண்டே போவது வீண். மலச்சிக்கல்தான் மிஞ்சும்.

படி 5: நாளின் கடிகாரம்

இரும்பு, கால்சியம், காபி, தைராய்டு மாத்திரை எல்லாம் ஒன்றையொன்று தள்ளிவிடும் சுபாவம் உள்ளவை. அவற்றை ஒரே நாளுக்குள் அடுக்க ஒரு மாதிரி:

- காலை 6:30: தைராய்டு மாத்திரை இருந்தால் நீரோடு. அதற்குப் பின் அரை மணி முதல் ஒரு மணி நேரம் எதுவும் வேண்டாம். இரும்பும் கால்சியமும் இதிலிருந்து நான்கு மணி நேரம் தள்ளியே.
- 7:30: முட்டை, பயறு, தயிர் என்று புரதம் இருக்கும் காலை உணவு. நாளின் ஒரே காபி அல்லது தேநீர் இதோடு முடியட்டும்.
- 10:30: புளிப்புப் பழத்தோடு இரும்பு மாத்திரை.
- 1:00: மதிய உணவு. கால்சியம் கார்பனேட் மாத்திரை இதோடு. ஒருமுறைக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் உடம்பு நன்றாக உறிஞ்சாது.
- 4:30: பழம், கொட்டைகள்.
- 7:00: இரவு உணவு, அளவாக. இரண்டாவது கால்சியம் மாத்திரை இருந்தால் இதோடு.
- 10:00: படுக்கை. பசித்தால் அரைக் கோப்பை பால்.

தைராய்டு மாத்திரை உள்ளவர்கள் மசக்கை பிஸ்கட்டை அதற்கேற்பத் தள்ளவேண்டும். முடியவில்லை என்றால் மாத்திரையை இரவுக்கு மாற்றலாமா என்று கேட்கலாம். கால்சியம் நாளுக்கு 1,000 மில்லிகிராம் தேவை. உணவில் அது குறைவாகக் கிடைக்கும் மக்களிடையே 1.5 முதல் 2 கிராம் வரை மாத்திரையாகக் கொடுப்பது முன்சூல்வலிப்பு (20 வாரத்துக்குப் பின் ரத்த அழுத்தம் ஏறும் கர்ப்பச் சிக்கல்) அபாயத்தைக் குறைக்கும் என்பதால் உலக சுகாதார நிறுவனம் அதைப் பரிந்துரைக்கிறது.

படி 6: நெஞ்செரிச்சலும் மலச்சிக்கலும்

இரண்டுக்கும் மூலம் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன். உணவுக்குழாயின் கீழ்ப்பக்க வால்வை அது தளர்த்துவதால் அமிலம் மேலே வருகிறது. குடலின் அசைவை மெதுவாக்குவதால் மலம் இறுகுகிறது. பிந்தைய மாதங்களில் கருப்பை மேலே தள்ளுவதும் சேர்ந்துகொள்ளும்.

நெஞ்செரிச்சலுக்கு: மூன்று பெரிய வேளையை ஆறு சின்ன வேளையாக்குங்கள். படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன் இரவு உணவை முடியுங்கள். கட்டிலின் தலைப்பக்கத்தை 15 முதல் 20 செ.மீ. உயர்த்துங்கள். தலையணையை மட்டும் அடுக்கினால் வயிறு மடிந்து அழுத்தம் கூடும். இடப்பக்கம் படுப்பது இரைப்பையின் அமைப்புக்கு ஒத்துப்போகிறது. அமில முறிப்பு மாத்திரைக்கும் இரும்பு மாத்திரைக்கும் நடுவே இரண்டு மணி நேரம் விடுங்கள்.

மலச்சிக்கலுக்கு நார்ச்சத்து நாளுக்கு 28 கிராம் இலக்கு. ஒரு கோப்பை வெந்த பருப்பிலேயே சுமார் 15 கிராம் உண்டு. ஒரே நாளில் இலக்குக்குத் தாவினால் வாயு பிடித்து வயிறு உப்பும். மூன்று நாளுக்கு ஒருமுறை 4, 5 கிராம் என்று ஏற்றுங்கள். நீர் கூடாமல் நார் மட்டும் கூடினால் மலம் இன்னும் இறுகும். பானங்களாக நாளுக்கு 2 முதல் 2.3 லிட்டர் வேண்டும். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் அளவு சரி.

படி 7: சர்க்கரை

கர்ப்பகால நீரிழிவுக்கு 24 முதல் 28 வாரத்தில் 75 கிராம் குளுக்கோஸ் சோதனை செய்வார்கள். பரவலாகப் பின்பற்றப்படும் அளவுகோல் (டெசிலிட்டருக்கு மில்லிகிராமில்): வெறும் வயிற்றில் 92, ஒரு மணியில் 180, இரண்டு மணியில் 153. இவற்றில் ஏதாவது ஒன்றைத் தொட்டாலே நீரிழிவு. உறுதியானால் வெறும் வயிற்றில் 95-க்குக் கீழும், சாப்பிட்டு ஒரு மணியில் 140-க்குக் கீழும் வைத்திருப்பது வழக்கமான இலக்கு.

மாவுச்சத்தை அறவே விடுவது தவறு. நாளுக்குக் குறைந்தது 175 கிராம் வேண்டும். காலையில் இன்சுலினுக்கு உடல் குறைவாகவே இணங்கும் என்பதால், மதியம் தொந்தரவு செய்யாத அதே அளவு சோறும் ரொட்டியும் காலையில் சர்க்கரை அளவை ஏற்றிவிடும். காலையில் மாவுச்சத்தைக் குறைத்து மற்ற வேளைக்கு நகர்த்துங்கள். தட்டில் முதலில் காய்கறியும் புரதமும், பிறகு மாவுச்சத்து. பழச்சாறு வேண்டாம், பழம் சாப்பிடலாம். ஒவ்வொரு வேளைக்குப் பின்னும் 10, 15 நிமிட நடை. இவ்வளவும் செய்தும் அளவு இறங்கவில்லை என்றால் மருந்து தேவை. அது உங்கள் தோல்வி அல்ல, நஞ்சுக்கொடி ஹார்மோன்களின் வேலை.

படி 8: தூக்கமும் மனநிலையும்

காஃபின் நாளுக்கு 200 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. 240 மி.லி. வடித்த காபியில் சுமார் 95, அதே அளவு தேநீரில் சுமார் 45. கோலா, சாக்லேட், ஆற்றல் பானங்களையும் இதில் சேர்த்துக் கணக்கிடுங்கள். வழக்கமாக ஐந்து மணி நேரத்தில் பாதியாகிவிடும் காஃபின், கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் பாதியாக 15 மணி நேரம்வரை எடுத்துக்கொள்ளும். மாலை நான்கு மணிக் காபி விடியற்காலையிலும் ரத்தத்தில் இருக்கும் என்று அர்த்தம்.

இரவில் அடிக்கடி எழ வேண்டியிருந்தால், நாளின் நீரில் பெரும்பகுதியை மாலை ஆறு மணிக்குள் குடித்துவிடலாம். மொத்த அளவைக் குறைக்காதீர்கள்.

எரிச்சல், அழுகை, கவனச் சிதறல் ஆகியவற்றுக்குப் பின்னால் சில நேரம் ரத்தசோகையோ பி12 குறைவோ தைராய்டோ இருக்கும். அவற்றைச் சோதிப்பது சரிதான். ஆனால் மனச்சோர்வுக்கு மீன் எண்ணெய் மருந்தாகாது. இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் நாட்டமில்லாமல் இருந்தால் மருத்துவரிடம் பேச வேண்டும்.

படி 9: மீதிச் சத்துகள், சுருக்கமாக

ஃபோலிக் அமிலம் 400 மைக்ரோகிராம், கருத்தரிப்பதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே. கருவின் நரம்புக்குழாய், அதாவது மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழாய், கருத்தரித்த 28 நாளுக்குள் மூடிவிடும். மாதவிடாய் தள்ளிப்போனதை உறுதிசெய்யும் நேரத்தில் பாதி வேலை முடிந்திருக்கும். முந்தைய குழந்தைக்கு நரம்புக்குழாய்க் குறை இருந்தவர்கள், நீரிழிவு உள்ளவர்கள், வலிப்பு மருந்து சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்டுக் கூடுதல் அளவு எடுக்க வேண்டியிருக்கும். பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் 1991-இல் வெளியிட்ட சோதனையில், 4 மில்லிகிராம் எடுத்த பெண்களுக்கு அந்தக் குறை மறுபடி வருவது 72 சதவீதம் குறைந்தது.

சைவ உணவுக்காரர்கள் பி12-ஐக் கட்டாயம் கவனிக்க வேண்டும். நாளுக்கு 2.6 மைக்ரோகிராம் தேவை. பால் பொருள்களும் தவிர்ப்பவர்களுக்கு மாத்திரை இல்லாமல் வழியில்லை. அயோடின் 250 மைக்ரோகிராம், அயோடின் உப்பு பயன்படுத்தினால் பெரும்பாலும் கிடைத்துவிடும். கோலின் 450 மில்லிகிராம். ஒரு முட்டையில் 147 இருக்கிறது, அதுவும் மஞ்சள் கருவில், எனவே அதை ஒதுக்காதீர்கள். வாரத்தில் இரண்டு மூன்று முறை சிறு மீன்கள். சுறா, வாள்மீன் போன்ற பெரிய வேட்டை மீன்களில் பாதரசம் சேர்ந்திருக்கும் என்பதால் அவை வேண்டாம். வைட்டமின் ஏ-யின் ரெட்டினால் வடிவத்துக்கு 3,000 மைக்ரோகிராம் மேல்வரம்பு. 100 கிராம் ஆட்டு ஈரலோ மாட்டு ஈரலோ அதை இரு மடங்குக்கு மேல் தாண்டிவிடும். ரத்தம் ஊறும் என்று ஈரலைத் திணிப்பது இங்கேதான் தப்பாகிறது.

படி 10: விலக்கவேண்டியவை

மதுவுக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை. லிஸ்டீரியா என்ற கிருமி குளிர்பதனப் பெட்டிக்குள்ளும் வளரும், தாய்க்கு லேசான காய்ச்சல் மட்டும் தந்து கருவைப் பறித்துவிடக்கூடியது. ஆகவே காய்ச்சாத பால், அதில் செய்த பாலாடைக்கட்டி, சூடாக்காத பதப்படுத்திய இறைச்சி வேண்டாம். மீந்த உணவை இரண்டு மணி நேரத்துக்குள் குளிரில் வைத்து, எடுக்கும்போது ஆவி பறக்க, உள்ளே 74 டிகிரி செல்சியஸ் ஏறும்வரை சூடாக்குங்கள். அரைவேக்காட்டு இறைச்சியிலும் மண் போகக் கழுவாத காய்களிலும் டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி இருக்கலாம். முட்டையின் கரு கெட்டியாகும்வரை வேகட்டும்.

வேர்க்கடலை சாப்பிட்டால் பிள்ளைக்கு ஒவ்வாமை வரும் என்று ஒதுக்கத் தேவையில்லை. தாய்க்கு அந்த ஒவ்வாமை இருந்தால் மட்டும் தவிர்க்கவும்.

உணவைத் திருத்திக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் போகவேண்டிய நேரம்

24 மணி நேரம் எதுவும் உள்ளே தங்கவில்லை, சிறுநீர் அடர்ந்து குறைந்துவிட்டது, கர்ப்பத்துக்கு முந்தைய எடையில் 5 சதவீதத்துக்கு மேல் இறங்கிவிட்டது: இது சாதாரண மசக்கை அல்ல, நரம்பு வழி நீரேற்ற வேண்டியிருக்கும். பல நாள் தொடர்ந்து வாந்தி எடுத்தவருக்கு குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் தயாமின் (வைட்டமின் பி1) கொடுப்பது அவசியம். தயாமின் குறைபாடு மூளையைத் தாக்கும். எத்தனை நாளாக வாந்தி என்பதை மருத்துவமனையில் தெளிவாகச் சொல்லுங்கள்.

20 வாரத்துக்குப் பின் முகமும் கையும் திடீரென வீங்கி, ஒரே வாரத்தில் ஒரு கிலோவுக்கு மேல் எடை ஏறி, தலைவலியோ பார்வை மங்கலோ மேல்வயிற்று வலியோ சேர்ந்தால் அன்றே ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். உப்பைக் குறைத்துக் காத்திருந்து பார்ப்பது இதற்கு மருந்தல்ல. காய்ச்சலோடு உடல்வலி வந்தால், முந்தைய சில வாரங்களில் சாப்பிட்ட பச்சைப் பால், பாலாடைக்கட்டி, குளிர்ந்த இறைச்சி எதுவானாலும் மறக்காமல் சொல்லுங்கள். லிஸ்டீரியா உடலுக்குள் போய் அறிகுறி காட்ட இரண்டு மாதம்கூட ஆகலாம்.